அந்த ஐந்தாவது போல்ட்

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார் சக்கரத்தின் ஐந்து போல்ட்டில் நான்கு கழன்று வந்துவிட்டன, ஐந்தாவதன் தலை மழுங்கிப்போய் நிற்கிறது. காரோடு வந்த ஸ்பேனரை இனி அதில் மாட்டாதே. வழுக்குகிற ஒவ்வொரு முறையும் தலையில் இன்னும் கொஞ்சம் தேயும். இது துருவினால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடைசியாக டயர் மாற்றியவர் காற்றழுத்தத்தில் போல்ட் முடுக்கும் ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தியிருப்பார். சரி, அவரைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வண்டி ஜாக்கியில் நின்றால் முதலில் இறக்கிவிடு. சக்கரம் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் இருக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் வண்டியில் பெலம் போட்டு இழுத்தால் ஜாக்கி சாயும். கழற்றிய நான்கையும் திரும்ப மாட்டி இறுக்கிவிடு. கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் தனியாக நிற்கிற போல்ட்தான் மொத்த இழுப்பையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. மற்றவை பங்கு போட்டுக்கொண்டால் அது கொஞ்சம் இளகும்.

துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடு, பிரேக் டிஸ்க்கில் மட்டும் படக்கூடாது. போல்ட்டின் தலை சக்கரத்தில் நன்றாகப் பதிந்திருப்பதால் எண்ணெய் மரை வரை போவது கஷ்டம்தான். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதே. தலை 17 மி.மீ. என்றால், தலையை மூடிப் பிடிக்கும் 16 மி.மீ. அறுகோண சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து அதன் மேல் ஏற்று. பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், அது இன்னும் வழுக்கும். உள்ளே சுருள் பல் வெட்டிய சாக்கெட் தனியாகவே கிடைக்கிறது; இடப்பக்கம் திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாகக் கடிக்கும். வாங்க முடிந்தால் அதையே வாங்கு. சுத்தியல் அடியிலும் ஒரு லாபம் உண்டு, அந்த அதிர்விலேயே துரு பாதி விட்டுவிடும்.

இனி நீளமான கைப்பிடி. வெடுக்கென்று இழுக்காதே, ஒரே சீராக எடையைக் கொடு. முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம், பிறகு கழற்றும் பக்கம். "டக்" என்றோ "கிரீச்" என்றோ சத்தம் வந்தால் நல்லது, துரு விட்டுவிட்டது. சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல மெதுமெதுவென்று வந்தால் அங்கேயே நிறுத்து. போல்ட் கழலவில்லை, முறுக்கிக்கொண்டு இருக்கிறது. அடுத்தது உடைவதுதான்.

உடைந்தாலும் பதறாதே. தலை போனதும் இறுக்கமும் போய்விடும். மற்ற நான்கையும் கழற்றிச் சக்கரத்தை எடுத்தால், மிச்சத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். பெரும்பாலும் வைஸ் கிரிப்பில் (பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்துத் திருகினால் வந்துவிடும். சக்கரம் பொருந்தும் ஹப்போடு மட்டமாக உடைந்திருந்தால்தான் தலைவலி. நடுவில் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளைக்க வேண்டும். சில சமயம் துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வந்துவிடும். வராவிட்டால், அந்தத் துளைக்குள் விட்டுத் துண்டைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர்தான் அடுத்தது. அதை முரட்டுத்தனமாகத் திருப்பாதே. அது கெட்டியான எஃகு, உள்ளே ஒடிந்தால் சாதாரண பிட் அதைத் தொடக்கூட முடியாது. அந்த நிலை வந்தால் நீ விலகிக்கொள். துண்டின் மேல் நட்டை வைத்து வெல்டிங் செய்து எடுக்கத் தெரிந்தவரிடம் கொடு. டயர் மாட்டியிருக்கும்போது மட்டும் யாரையும் நெருப்புக் காட்ட விடாதே, டயர் வெடித்து ஆளையே கொன்றுவிடும்.

புதிதை மாட்டும்போது மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கு, எண்ணெய் பூசாதே. எண்ணெய் இருந்தால் அதே அளவு திருகலுக்கு இறுக்கம் கூடிப்போகும். கையேட்டில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார்கள், பல கார்களுக்கு 110, 120 அளவில் வரும். அந்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி, எதிரெதிராக இறுக்கு. 50, 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு தடவை சரிபார். நான்கு போல்ட் போதும் என்று ஓட்டிக்கொண்டு திரியாதே.

கடைக்குப் போகும்போது பழைய போல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போ. நீளமும் மரையும் ஒத்துப்போனால் போதாது, தலைக்குக் கீழே கூம்பா, உருண்டையா என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கு. துளை போடுகிற நிலை வந்தால், டிரில்லைத் தொடும் முன் எனக்கு ஒரு படம் அனுப்பு.

அப்பா