செயலாளரின் ஆண்டறிக்கை: காசிமேட்டில் கட்டும் பெட்டி வெளிநாட்டில் பிரிக்கப்படும் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மீன் ஏற்றுமதி, பேக்கிங், குளிர்வண்டி, கிளியரிங் வேலைகளில் இருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். கூட்டங்கள் விதிப்படி நடந்தன. விவரம் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. விமானத்தில் அனுப்பிய மீன் கெட்டுப்போகிறது என்று உறுப்பினர்கள் கொண்டுவந்த புகார்களுக்கே இந்த அறிக்கையில் அதிக இடம் தருகிறேன். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில், சரக்கு ஆகாயத்தில் கெட்டதாக எதுவும் தெரியவில்லை. சிங்கப்பூருக்குப் பறக்கும் நேரம் நாலு மணி சொச்சம்தான். அதே பெட்டி ஏலக்கூடத்திலும், எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரி நெரிசலிலும், மீனம்பாக்கத்தில் ஸ்கேனிங் வரிசையிலும், கடைசியில் விமானத்தடியில் வெயிலிலும் கிடக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு. கெடுவதெல்லாம் அங்கேதான்.

முதலில் பச்சை மீன். தெர்மாகோல் பெட்டி எதையும் குளிர வைக்காது. உள்ளே வைத்த குளிரைக் காக்கும், அவ்வளவுதான். ஏலத்தில் எடுத்த வஞ்சிரத்தை நேராகப் பெட்டியில் போட்டு மேலே நாலு ஜெல் பேக் (உறைய வைத்த ஜெல் பை) வைத்தால், அந்த ஜெல் முழுவதும் மீனைக் குளிர வைப்பதிலேயே கரைந்துவிடும். பயணத்துக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் குடலும் செவுளும் நீக்கிக் கழுவிய மீனை, மீன் ஒரு பங்கு நொறுக்கிய ஐஸ் ஒரு பங்கு என்ற கணக்கில் முதலில் அமிழ்த்தி வையுங்கள். முதுகுச் சதை தடித்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, 2 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே பெட்டிக்கு மாற்றுங்கள். பெட்டிக்குள் ஐஸ் கூடாது; உருகும் ஐஸை எடுக்கப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. உப்புத் தண்ணீர் கசிந்தால் விமானத்தின் அலுமினியத் தளம் அரிக்கும் என்பதே காரணம். அடியில் உறிஞ்சும் பேட், அதன்மேல் கனமான பாலித்தீன் பை, பைக்குள் மீன், மேலேயும் பக்கங்களிலும் ஜெல் என்று அடுக்குங்கள். குளிர்காற்று கீழே இறங்கும் என்பதால் மேலடுக்கை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் நான்கிலும் இன்னொரு ஆபத்து உண்டு. சூடேறிய நேரத்தில் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உருவாகிவிட்டால், பிறகு உறைய வைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு லாட்டில் (ஒரே தொகுப்புச் சரக்கில்) 9 மாதிரி எடுத்து, சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் சரக்கை நிராகரிக்கிறது. வாசனையும் கண்ணும் நன்றாக இருக்கும் மீனும் இந்தச் சோதனையில் விழும். படகில் ஐஸ் எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்காமல் இந்த நான்கையும் ஏலத்தில் எடுக்க வேண்டாம்.

பெட்டியின் தடிமன் பற்றி உறுப்பினர்களிடையே ஒரு வீண் பயம் இருக்கிறது. விமானச் சரக்கில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். தடித்த பெட்டி எடுத்தால் கன எடை ஏறிவிடும் என்று பலர் மெல்லிய பெட்டியே வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. சுவர் கொண்ட 60, 40, 30 செ.மீ. பெட்டியின் கன எடை 12 கிலோ. உள்ளளவை மாற்றாமல் சுவரை 50 மி.மீ. ஆக்கினால் வெளி அளவு 65, 45, 35 ஆகும். கன எடை 17 கிலோ சொச்சம், அரை கிலோவுக்கு ஏற்றினால் பதினேழரை. அந்தப் பெட்டியில் 15 கிலோ மீனும் 4 கிலோ ஜெல்லும் வைத்துக் கட்டினால் நிஜ எடையே 20 கிலோவைத் தாண்டுகிறது. கட்டணம் நிஜ எடைக்குத்தான். தடித்த சுவரால் கூடுவது அரை கிலோ தெர்மாகோல் மட்டும். உள்ளே புகும் வெப்பமோ ஏறக்குறைய பாதியாகிறது. பாதிப் பெட்டி அனுப்புகிறவர்களுக்குத்தான் கன எடை அடி விழும். அவர்கள் சின்ன அளவில் தடித்த பெட்டி வாங்குவதே சரி.

உறைசரக்கு வேறு கதை. ஜெல் பேக் உருகுவது பூஜ்யத்தை ஒட்டி. -18 டிகிரியில் நிற்க வேண்டிய இறாலை அது காக்காது. டிரை ஐஸ், அதாவது திடமாக உறைந்த கரியமில வாயுதான் வேண்டும். அது -78.5 டிகிரியில் நேராக வாயுவாகிறது. ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் கரியமில வாயு தருவதால், மூடியைச் சுற்றிலும் டேப் ஒட்டி மூச்சுவிடாமல் அடைத்தால் பெட்டி வெடிக்கும். வாயு போக இடைவெளி விட்டே ஒட்டுங்கள். பெட்டி மேல் ஆபத்துச் சரக்குக்கான ஒன்பதாம் வகுப்பு லேபிள், டிரை ஐஸுக்கான யூ.என். 1845 எண், டிரை ஐஸின் நிகர எடை, அனுப்புபவர் பெறுபவர் முகவரி எல்லாம் வேண்டும். விமானச் சரக்கு ரசீதான ஏர்வே பில்லிலும் அதே எடைதான் இருக்க வேண்டும். வேன் ஓட்டுநர்களுக்குத் திரும்பவும் சொல்கிறோம்: டிரை ஐஸ் ஏற்றிய வண்டியில் ஓட்டுநர் அறையும் சரக்கும் ஒரே கூட்டுக்குள் இருந்தால், கண்ணாடியை இறக்காமல் ஓட்டக்கூடாது. மயக்கம் திடீரென்று வரலாம். பழவேற்காட்டிலிருந்து உயிர் நண்டு அனுப்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நண்டும் டிரை ஐஸும் விமானத்தின் ஒரே சரக்கு அறையில் ஏறினால் நண்டு செத்துவிடும்; புக்கிங் போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண டீப் ஃபிரீசரில் மெதுவாக உறைந்த இறால், பனிக்கட்டித் துகள் பெரிதாகிச் சதையைக் கிழிப்பதால், பிரிக்கும்போது தண்ணீர் விடும். வாங்குபவர் அதை எடைக் குறைவு என்று எழுதுவார். -35 டிகிரிக்குக் கீழே வேகமாக உறைய வைக்கும் பிளாஸ்ட் ஃபிரீசர் உள்ள கூடத்துக்கே கொடுங்கள். கிளேஸ் (இறால் மேல் மெல்லிய ஐஸ் பூச்சு) பூசினால் அந்த ஐஸ் எடையை நிகர எடையில் சேர்க்காதீர்கள்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவுக்கு இ.ஐ.ஏ. (ஏற்றுமதி ஆய்வு முகமை) தரும் ஹெல்த் சர்டிஃபிகேட்டும், கடலில் பிடித்ததென்றால் எம்பெடா (கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) தரும் கேட்ச் சர்டிஃபிகேட்டும் வேண்டும். அமெரிக்காவுக்கு விமானம் இறங்க 4 மணி நேரம் முன்பாவது அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வுக்கு முன்னறிவிப்பு போயிருக்க வேண்டும். கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா நம்மிடம் எடுப்பதில்லை. வலையில் ஆமை தப்பும் கருவி இல்லாததே காரணம். பண்ணையில் வளர்க்கும் வனாமி இறாலுக்கு அந்தத் தடை இல்லை. வஞ்சிரத்துக்கு இன்வாய்ஸில் சீர் ஃபிஷ் என்றும் சர்டிஃபிகேட்டில் கிங் ஃபிஷ் என்றும் இருந்தால் இறங்குமிடத்தில் சரக்கு நிற்கும். ஸ்காம்பரோமோரஸ் கம்மர்சன் என்ற அறிவியல் பெயரை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

நஷ்ட ஈடு கேட்டவர்களில் பலருக்கும் கிடைக்காமல் போனதற்கு ஆதாரம் இல்லாததே காரணம். சர்வதேச விமானப் போக்குவரத்துப் பொறுப்பு பற்றிய மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சரக்கு சேதத்தை வாங்குபவர் கையில் கிடைத்த 14 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பேக்கிங் குறை என்று விமான நிறுவனம் நிரூபித்தால் பொறுப்பிலிருந்து தப்பிவிடும். தந்தாலும் 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். கணக்கிடும் நாணய அலகு); நல்ல இறாலின் விலைக்குச் சரக்குக் காப்பீடு தனியாக எடுத்தே ஆக வேண்டும். லாட்டுக்கு ஒரு டேட்டா லாகர் (வெப்பநிலையைத் தானே பதியும் கருவி) போடுங்கள். அதை ஜெல்லை ஒட்டி வைத்தால் பொய்க்குளிர் காட்டும். நடுப்பெட்டியில், மீன்களுக்கு இடையில் இருக்கட்டும். கட்டும்போது தெர்மாமீட்டர் எண் தெரிய ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் இருக்காது. பண்ணை இறாலும் ஃபைபர் படகு மீனும்தான். விமானத்தடியில் வெயில் கொளுத்துவதும் அதே நாட்களில்தான். எனவே அந்த இரண்டு மாதமும் பகல் விமானத்துக்குப் புக் செய்ய வேண்டாம் என்பது செயற்குழுவின் முடிவு. சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரமான கட்ஆஃபுக்கு மிக முந்திக் கொண்டுபோய் இறக்குவதும் கேடு. சரக்குக் கூடத்தில் குளிர் அறை காலி இருக்கிறதா என்று கிளியரிங் ஏஜெண்ட் சொன்ன பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.

துறைமுகத்தை ஒட்டிப் பொதுக் குளிர் அறையும், வண்டியின் பின்கதவு நேராகப் பொருந்தும் ஏற்றுமேடையும் கேட்டு மீன்வளத் துறைக்கு மனு தயாராகியிருக்கிறது. உறுப்பினர்கள் இன்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். வரும் ஆண்டில் பேக்கிங் பெண்களுக்கு டிரை ஐஸ் கையுறையும், தெர்மாமீட்டர் சரிபார்ப்பும் சங்கச் செலவில் தர முன்மொழிகிறோம். தெர்மாமீட்டரைச் சரிபார்க்க நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளர் போதும். அதில் பூஜ்யம் காட்டாததை ஒதுக்கிவிடுவோம்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்