மாயா மக்கள் மறைந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான, மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் பண்டைய மாயா நகரமான திக்காலின் இடிபாடுகளைப் பற்றிய பயணக் கட்டுரையை ஆவலுடன் படித்தேன். 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்நகரின் கோயில்களைக் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருக்கிறார். ஆனால் ஃபுளோரெஸ் நகரிலிருந்து காலையில் வேனில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்ற அவரது யோசனையையும், மாயா இனமே மறைந்துவிட்டது என்று கட்டுரையை முடித்திருப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை.

அந்தச் சாலையில் ஏறத்தாழப் பாதி வழியில், பெத்தேன் இட்சா ஏரியின் கிழக்குக் கரையில், எல் ரெமாத்தே என்ற சிற்றூர் இருக்கிறது. நானும் என் கணவரும் சென்ற ஆண்டு அங்கே நான்கு இரவுகள் தங்கினோம். மரச் சிற்ப வேலைக்குப் பேர்போன ஊர் அது. சாலையோரப் பட்டறை ஒன்றில் முதியவர் ஒருவர் செந்நிறக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். என்ன மரம் என்று கேட்டதற்கு, "சிக்கோ சப்போத்தே" என்று சொல்லிக் கட்டையை என் கையில் கொடுத்தார். அளவுக்கு மீறிய கனம். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் சப்போட்டாதான் அது! மரமும் பெயரும் அந்தப் பக்கத்திலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தவை. திக்கால் கோயில்களின் வாசல் உத்தரங்களை இதே மரத்தில்தான் செய்தார்கள். ஈரக் காட்டின் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றில் சில உளுத்துப்போகவில்லை. ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலின் செதுக்கிய உத்தரங்களோ, 19-ஆம் நூற்றாண்டிலேயே பெயர்த்தெடுக்கப்பட்டு, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை இருக்க வேண்டிய இடம் அதுவன்று என்பது என் கருத்து.

ஏரிக்கரையில் தங்கிய பிறகு திக்காலுக்குச் சென்றால் இன்னொன்றும் புரியும். அந்நகருக்கு ஆறு கிடையாது. சுதை பூசிய முற்றங்களைச் சரிவாக அமைத்து, மழைநீரைக் குளங்களுக்கு வழிந்தோடச் செய்து, அதைக் கொண்டே அத்தனை மக்களும் வாழ்ந்தார்கள். அக்குளங்களுள் ஒன்றில் சியோலைட் என்னும் கனிமத்தால் நீரை வடிகட்டியதற்கான தடயம் கிடைத்திருப்பதாக 2020-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். 9-ஆம் நூற்றாண்டின் வறட்சிகள் அந்நகரின் வீழ்ச்சிக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவதையும் இதனோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நகரம் கைவிடப்பட்டது உண்மை; மக்கள் அழியவில்லை. இதே ஏரியின் தீவில், இன்றைய ஃபுளோரெஸ் இருக்கும் இடத்தில், இட்சா மாயாக்களின் அரசு 1697 வரை ஸ்பானியருக்கு அடிபணியாமல் நின்றது. இன்றும் குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் வழங்குகின்றன. வடகரையிலுள்ள சான் ஹோசே என்ற ஊரில் இட்சா மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் முதியவர்கள் சிலரே எஞ்சியிருக்கும் நிலையில், அந்த இனமே இல்லை என்று நம் நாளிதழ் எழுதுவது மிகுந்த வருத்தமளிக்கிறது. ஆகவே அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
காரைக்குடி.