ரப் அரீனாவின் மேல் வரிசையிலிருந்து

லெக்சிங்டன், கென்டக்கி
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மீனுக்குட்டி,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ அழுதுகொண்டே சொன்னதற்கு என் வாயிலிருந்து முதலில் வந்தது, "அப்பவே சொன்னேனே." வந்த சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. போனில் மறுபடி ஆரம்பித்தால் மறுபடி எதையாவது உளறுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ பயிற்சி கொடுக்கும் கூடைப்பந்து அணியின் சீசன் முடிந்த விருந்தில், சாப்பாட்டுத் தட்டோடு எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஒரு பெண்ணின் அப்பா எழுந்து நின்று, "எங்க பிள்ளைங்களை ஓடவே விடமாட்டேங்குறீங்க, கட்டிப்போட்டு ஆட வைக்கிறீங்க" என்று கேட்டாராமே. நீ பதில் சொல்லாமல் நின்றாயாமே. அந்த மனுஷனைப் பற்றி நீ பேசப் பேச எனக்கு உள்ளுக்குள் கூசியது. ஏன் தெரியுமா? அந்த மனுஷன் நான்தான். பல வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்தது 1996 ஜனவரியில். பனி, குளிர், யாரையும் தெரியாது. ஏப்ரல் ஒன்றாம் தேதி ராத்திரி திடீரென்று தெரு முழுக்க கார் ஹார்ன், கூச்சல், பட்டாசு. கலவரம் என்று நினைத்து நான் கதவைத் தாழ்போட்டேன். அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றார். கல்லூரிக் கூடைப்பந்தில் கென்டக்கி பல்கலைக்கழகம் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தை 76-67 என்று வென்று சாம்பியன் ஆகியிருந்தது. மறுநாள் கடையில் பில் போடும் அம்மாள், முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்தாள். இந்த ஊரில் என்னைத் தொட்டுப் பேசிய முதல் ஆள் அவள்தான். அன்றிலிருந்து நான் நீலம், கென்டக்கி அணியின் நிறம்.

நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள், உனக்கு இது விநோதமாகத் தெரியாது. கென்டக்கிக்கு என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடும் அணி கிடையாது, பெரிய தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியும் கிடையாது. மலைப்பக்கத்து நிலக்கரிச் சிற்றூர்களிலிருந்து குதிரைப் பண்ணைகள் வரை மொத்த மாநிலத்துக்கும் இருப்பது இந்தக் கல்லூரிப் பிள்ளைகள்தான். ரப் அரீனா என்று இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கம், கூரையில் எட்டு சாம்பியன் கொடிகள். அதில் நாலு, 42 வருஷம் பயிற்சியாளராக இருந்த அடால்ஃப் ரப் வாங்கிக் கொடுத்தவை. அந்தக் கொடிகளுக்குக் கீழே நின்று ஒருவர் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றால் பாவம்தான். வேறு ஊரில் 24 ஆட்டம் ஜெயித்தால் மாலை போடுவார்கள். இங்கே தோற்ற 12 ஆட்டத்தை விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள், போன மாசம் இப்போதைய பயிற்சியாளர் மார்க் போப்புக்கு எண்ணினார்களே, அதைப் போல.

நான் சொல்ல வந்தது டப்பி ஸ்மித்தைப் பற்றி. நீ பிறந்து மூன்று வாரத்தில், 1998 மார்ச் கடைசியில், சான் அன்டோனியோவில் அவர் சாம்பியன் பட்டம் வாங்கினார். கென்டக்கி ஆண்கள் அணிக்கு வந்த முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர், அதுவும் முதல் வருஷத்திலேயே. டியூக்கிடம் 17 புள்ளி பின்தங்கியிருந்து எழுந்து வந்து ஜெயித்த ஆட்டத்தை உன்னை மடியில் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். நான் கத்திய கத்தலில் நீ பயந்து அழுதாய்.

அவருக்கு முன்னால் இருந்த ரிக் பிட்டினோவின் ஆட்டம் வேறு மாதிரி. எதிரணி பந்தை உள்ளே போட்ட நொடியிலிருந்து மைதானம் முழுக்க விரட்டிப் பிடுங்குவது, எட்ட நின்றே மூன்று புள்ளிக்கு எறிவது. திருவிழா மாதிரி இருக்கும். டப்பி அப்படி இல்லை. பந்து எங்கே இருக்கிறதோ அந்த மட்டத்துக்குக் கீழே ஐந்து பேரும் இறங்கி நின்று காக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பந்து நகர்ந்தால் ஐந்து பேரும் நகர வேண்டும். நம் கையில் பந்து வந்தால் அவசரம் கிடையாது. அப்போது ஒரு அணி பந்தை 35 விநாடி வைத்திருக்கலாம், இவர்கள் முப்பது விநாடி அதைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

1998இல் நாங்கள் எல்லாரும் அதைப் பொறுமை என்று புகழ்ந்தோம். 2006இல் அதே ஆட்டத்துக்கு மந்தம் என்று பெயர் வைத்தோம். அவர் ஒன்றும் மாறிவிடவில்லை. 2003இல் தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்தார், எங்கள் பிரிவில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஆனால் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் கடைசி நாலு அணிக்குள் அவர் மறுபடி நுழையவே இல்லை. பத்து ஆட்டம் தோற்ற சீசன்களைச் சேர்த்து வைத்து அவருக்குப் 'பத்துத் தோல்வி டப்பி' என்று பட்டப்பெயர் கட்டினார்கள். சொந்த மகனை அணியில் வைத்திருக்கிறார் என்ற முணுமுணுப்பும் ஒரு காலத்தில் இருந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். சாம்பார் தாளிக்கும் கரண்டியோடு டிவி முன்னால் வந்து நின்று, "பந்தை எறியேன்டா! என்ன பூஜையா பண்றே?" என்று கத்துவேன். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டு பள்ளியில் போய்ச் சொல்லி, டீச்சர் 'பூஜா' என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள், ஞாபகம் இருக்கா?

2007இல் அவர் மினசோட்டாவுக்குப் போனார். பத்து வருஷத்தில் 263 ஜெயித்து, 83 தோற்று. போனால் போதும் என்று நான் சொன்னேன். அதற்கு பகவான் உடனே கூலி கொடுத்தார். புதிதாக வந்தவரின் முதல் சீசன் தொடங்கியதுமே, கார்ட்னர்-வெப் என்ற கல்லூரி நம் அரங்கத்துக்கே வந்து 84-68 என்று அடித்துவிட்டுப் போனது. அவரும் இரண்டே வருஷம்தான் இருந்தார்.

அடுத்து வந்த பயிற்சியாளர் கலிபாரியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் அறைச் சுவரில் அவர் அணியில் ஆடிய அந்தோணி டேவிஸ் படம் ஒட்டியிருந்தது. ஒரே ஒரு வருஷம் கல்லூரியில் ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்குப் பறந்துவிடும் பிள்ளைகளை வைத்தே 2012இல் கோப்பை வாங்கினார். 2015இல் 38 ஆட்டம் ஜெயித்துவிட்டு 39ஆவதில் விஸ்கான்சினிடம் விழுந்தபோது நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஜெயித்தவரைக்கும், ஏழைப் பிள்ளைகளுக்கு வழி திறந்துவிடுகிறார் என்றோம். 2022இல் செயின்ட் பீட்டர்ஸிடமும், 2024இல் ஓக்லண்டிடமும் முதல் சுற்றிலேயே தோற்றதும், வருஷத்துக்கு வருஷம் ஆளை வாடகைக்கு எடுக்கிறார் என்றோம். வழி அதேதான், பிள்ளைகளும் அதே வயதுதான்.

இந்த பிப்ரவரி ஒன்றாம் தேதி அவர் தன் புது அணியான ஆர்கன்சாவோடு ரப் அரீனாவுக்கு வந்தபோது நாங்கள் மேல் வரிசையில் இருந்தோம். அவர் வெளியே வந்ததும் அரங்கமே ஊளையிட்டது. அப்பாவும் ஊளையிட்டார், இந்த வயதில், எழுந்து நின்று. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆர்கன்சா 89-79 என்று ஜெயித்தது. திரும்பி வரும்போது அப்பா காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் தோல்விக்காகவா, தான் போட்ட சத்தத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை.

மார்க் போப் விஷயம் மட்டும் எனக்கு வேறு மாதிரி பட்டது. போன வருஷம் அவர் பெயரை அறிவித்த அன்று இங்கே பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிட்டது. பெரிய பெயர் வரும் என்று காத்திருந்தார்கள். இவரோ தலைமைப் பயிற்சியாளராக மார்ச் போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காதவர். ஆனால் இரண்டு மூன்று நாளில் காற்று மாறியது. 1996 அணியின் கேப்டன் அவர், நான் கதவைத் தாழ்போட்ட அதே ராத்திரியின் கேப்டன். அவரை வரவேற்க அரங்கம் நிரம்பியது. பழைய ஆட்டக்காரர்களோடு பஸ்ஸில் உள்ளே வந்து, அந்தக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் எப்படி ஆட வைப்பார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளை என்றதும் ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அவரைப் பற்றி இன்னொன்றும் தெரியவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு, யாரோ ஒரு பயிற்சியாளரின் கீழே உதவிக்கு நிற்கப் போனவர். இதைப் படித்ததும் எனக்கு உன் முகம்தான் வந்தது. பிசியோதெரபி படிப்பை நீ பாதியில் நிறுத்தியபோது நான் மூன்று மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. மதுரையில் பெரியம்மாவிடம், "லீவு போட்டிருக்கா" என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் போன் பண்ணி, "அவ பயிற்சியாளரா இருக்கா, பொம்பளைப் பிள்ளைங்க டீமுக்கு" என்றேன். பெரியம்மா, "அது எனக்கு எப்பவோ தெரியுமே" என்றாள். நீதான் சொல்லியிருக்கிறாய்.

இப்போது, உனக்குத் தெரியாத ஒன்று.

நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது உன் பயிற்சியாளர் உன்னை ஆறு ஆட்டம் தொடர்ந்து பெஞ்சில் உட்கார வைத்தார். ஏழாவது ஆட்டத்தன்று ராத்திரி நான் அவருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவருடைய ஆட்டம் மந்தம் என்றும், என் மகளுக்குக் கை நன்றாக இருக்கிறது, எறிய விடவில்லை என்றும், டப்பி ஸ்மித் மாதிரி ஆகிவிடப் போகிறீர்கள் என்றும். அதைத் திட்டு என்று நினைத்துத்தான் எழுதினேன், கஷ்டம். அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் பயிற்சிக்கு வந்து பாருங்கள் என்று இரண்டு வரி. உன்னிடம் சொல்லாமல் வந்து, மேலே இருட்டில் உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் யாரும் கூடைக்குப் பந்தை எறியவே இல்லை. பந்து இந்தப் பக்கம், எல்லாரும் நகரு. அந்தப் பக்கம், நகரு. ஐந்து பேரும் வாய்விட்டுப் பேசு. நீ ஒவ்வொரு தடவையும் ஒரு அடி தாமதமாக வந்தாய். பந்தையே பார்த்துக்கொண்டு, உன் முதுகுக்குப் பின்னால் வெட்டி ஓடுகிற பெண்ணை விட்டுவிட்டாய். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. அவர் கத்தவில்லை. விசில் அடித்து, உன்னைத் தோளைப் பிடித்து அரை அடி நகர்த்தி வைத்துவிட்டு, "மறுபடி" என்றார். இருபது வருஷம் டிவி பார்த்தவளுக்கு அது கண்ணில் பட்டதே இல்லையடி. டிவி பந்தை மட்டும்தான் காட்டும்.

2021 டிசம்பர் 31 அன்று டப்பி ஸ்மித்தின் பெயர் போட்ட ஜெர்சியை ரப் அரீனா கூரையில் ஏற்றினார்கள். அவர் அப்போது ஹை பாயின்ட் என்ற சிறிய கல்லூரியின் பயிற்சியாளர், அன்றைக்கு எதிரணியாக வந்திருந்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். எனக்கு முன் வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போல எத்தனை தடவை திட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பதினாலு வருஷம் ஆகியிருந்தது எங்களுக்கு.

உனக்குப் பதினாலு வருஷம் காத்திருக்கப் பொறுமை இருக்காது, தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடு. நவம்பரில் முதல் ஆட்டத்துக்கு முன்னால் பெற்றவர்களை ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டு உட்கார வை. பேச்சு எதுவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் அப்பா தன் மகளின் கால்களை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்கட்டும். அப்படியும் மந்தம் என்றால், ஒருவேளை அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். நீ அனுப்பிய கடைசி ஆட்டத்தின் வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது பகுதியில் உன் பெண்கள் நாலைந்து தடவை திறந்த இடத்தில் பந்தைப் பிடித்துவிட்டு, எறியாமல், உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பூஜை என்று சொல்லவில்லை.

பருப்புப் பொடியும் நெல்லிக்காய் ஊறுகாயும் அனுப்பியிருக்கிறேன், புதன்கிழமைக்குள் வரும். பாட்டிலை நிமிர்த்தி வைத்துப் பிரி, போன தடவை மாதிரி எண்ணெய் கொட்டப் போகிறது. அடுத்த சீசனில் உன் முதல் ஆட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். அப்பாவை ஓரத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

அந்த மின்னஞ்சல் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா