பேரப்பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் 'பார்க்க வேண்டிய பத்து இணையதளங்கள்' என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பத்தும் ஆங்கிலத் தளங்கள். அதில் பாதி கடை. அதுகூடப் பரவாயில்லை. கட்டுரை முடிகிற இடத்தில், 'ஊர்ப்புறத்து வாசகர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லித் திறந்து பார்க்கலாம்' என்று ஒரு வரி. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனாலும் அன்றைக்குக் காலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் அம்பாசமுத்திரத்தில் 2001-லிருந்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். இப்போது பெரும்பாலும் வருமானச் சான்றிதழ், பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம், இவைதான் வேலை. சர்வர் கிடைக்கிற வரைக்கும் வந்தவர்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். அந்த அரைமணி நேரத்தில் அவர்களுக்கு ஏதாவது ஒரு நல்ல தளத்தைத் திறந்து காட்டுவது என் வழக்கம். ஊர்ப்புறத்து ஆட்கள் எதைப் பார்ப்பார்கள், எதில் மயங்கி உட்கார்ந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடையம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார்கள். பீடி சுற்றுகிறவர்கள். மகனுக்குத் துபாயில் வேலை. ரேடியோ கார்டன் என்று ஒரு தளம் இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. திறந்தால் உலக உருண்டை வரும், அதன் மேலெல்லாம் பச்சைப் புள்ளிகள். உருண்டையைத் திருப்பி எந்த ஊர்ப் புள்ளியை நடுவில் கொண்டுவருகிறோமோ, அந்த ஊர் வானொலியில் அந்த நிமிடம் ஓடுவது கேட்கும். துபாயில் கொண்டுபோய் நிறுத்தினேன். யாரோ ஒருவர் மலையாளத்தில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார், நடுவே ஒரு விளம்பரம் வந்தது. அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்கள். "இதத்தான் எம்புள்ளயும் இப்பம் கேட்டுக்கிட்டு இருப்பானாய்யா?" என்றார்கள். இருக்கும்க்கா என்றேன். சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பேரப்பிள்ளையிடம் சொல்லி அவர்கள் இதைத் திறந்து பார்க்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. எங்கள் தாமிரபரணிப் பாசனத்தில் நாங்கள் நெல் வைக்கிற போகங்களுக்குப் பேர் காரும் பிசானமும். உங்கள் மாவட்டச் செய்தியில் வருஷா வருஷம் 'குறுவை', 'சம்பா' என்று வருகிறது. அது தஞ்சாவூர்ப் பேச்சு. ஒருமுறை இதைச் சுட்டி எழுதினேன், நீங்கள் போடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் தெற்காசிய அகராதிகளை இணையத்தில் வைத்திருக்கிறது. 1924-லிருந்து 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த தமிழ்ப் பேரகராதி முழுவதும், லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு, அதில் இருக்கிறது. பிசானமும் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற எங்கள் ஊர்ச் சொல் உங்கள் பக்கத்தில் இல்லையே என்பதுதான் வருத்தம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற ஒரு பெரியவருக்கு பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில், 1917-ஆம் வருஷத்துத் திருநெல்வேலி ஜில்லா கெஜட்டியரை, அதாவது ஜில்லா விவரங்களெல்லாம் அடங்கிய ஆங்கிலப் புத்தகத்தை, எடுத்துக் கொடுத்தேன். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆற்றில் உள்ள அணைக்கட்டுகளைப் பற்றி வருகிற இடத்தை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று வரிசையாக அவரே முந்திக்கொண்டு சொன்னார். அந்த ஆர்க்கைவிலேயே, மூடிப்போன பழைய வலைப்பக்கங்களைத் திரும்பக் காட்டுகிற வேபேக் மெஷினும் இருக்கிறது. 2003-ல் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றி நான் ஒரு வலைப்பக்கம் செய்திருந்தேன். அதற்கு இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்தவர்கள் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டார்கள், எல்லாம் போயிற்று என்று நினைத்திருந்தேன். எழுத்து முழுவதும் திரும்பக் கிடைத்தது. நான்கு போட்டோவில் ஒன்று மட்டும் வந்தது. வில்லுப்பாட்டு மேடை. அதில் குடம் அடிக்கிறவர் இப்போது உயிரோடு இல்லை.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பறவைகள் வந்து தங்குகிற கூந்தன்குளத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போயிருந்த ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை, பறவைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று வந்தது. ஜெனோ-கான்டோ என்று நெதர்லாந்திலிருந்து 2005 முதல் நடக்கிற தளம் இருக்கிறது. உலகம் முழுவதும் ஆட்கள் பறவைச் சத்தத்தைப் பதிவுசெய்து அதில் ஏற்றுகிறார்கள். வரித்தலை வாத்தைப் போட்டேன். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி நம் குளத்துக்கு வருகிற பறவை. "அங்க கேட்ட அதே சத்தம்லா அண்ணாச்சி!" என்று அந்தப் பிள்ளை கத்தியதில் பட்டாவுக்குக் காத்திருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஒரு கணக்கு வாத்தியாருக்கு எண்வரிசைக் களஞ்சியம் (OEIS) என்கிற தளத்தைக் காட்டினேன். நீல் ஸ்லோன் 1964-ல் சேர்க்கத் தொடங்கி 1996-ல் இணையத்துக்குக் கொண்டுவந்தது. 1, 2, 5, 14, 42 என்று அடித்தால், இது கேட்டலன் எண்கள் என்று சொல்லி, எங்கெங்கே வருகிறது என்றும் பட்டியல் போடும். வாத்தியார் வந்த வேலையை மறந்து இரண்டு மணி நேரம் இருந்தார்.

தமிழிலேயே என்ன குறைச்சல்? 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' என்கிற தமிழ் நூல் தளம் இருக்கிறது. சம்பளம் வாங்காதவர்கள் உட்கார்ந்து டைப் அடித்துச் சேர்த்த நூல்கள் அத்தனையும். 1981-ல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து ஏற்றுகிற 'நூலகம்' தளம் 2005-லிருந்து நடக்கிறது. உங்கள் பத்தில் இவை ஒன்றுகூட இல்லை.

பழசையும் சொல்லிவிடுகிறேன். 2004 வாக்கில் உங்கள் பத்திரிகையில் வாராவாரம் ஒரு கணினிப் பக்கம் வந்தது. அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பேன், அந்த நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. அதில் இணைய முகவரி பத்தியின் ஓரத்தில் உடைந்தால், நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தக் கோட்டையும் சேர்த்து டைப் அடித்துவிட்டு, மணிக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த பையன்கள் திறக்கவில்லை என்று என் கம்ப்யூட்டரைக் குறை சொல்வார்கள். கார்டு எழுதினேன். பதில் இல்லை. அப்புறம் ஒருநாள் அந்தப் பக்கத்தையே நிறுத்திவிட்டீர்கள், ஒரு வார்த்தை சொல்லாமல். அந்த இடத்தில் ராசிபலன் வந்தது. இப்போது வருகிற கட்டுரைகளில் முகவரியே இல்லை, 'தேடினால் கிடைக்கும்' என்று முடிந்துவிடுகிறது. தேடினால் முதலில் வருவது விளம்பரம்தான் என்பதும், அதை நம்பிப் பணத்தைத் தொலைத்துவிட்டு என் கடையில் வந்து அழுதவர்கள் உண்டு என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி எந்தத் தளத்தைப் பற்றி எழுதினாலும் அதன் முகவரியை ஆங்கில எழுத்தில், தனியாக, ஒரே வரியில் உடையாமல் போடுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். மேலே சொன்ன தளங்களின் முகவரிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இருபத்தெட்டு வருஷச் சந்தாதாரர்,
அம்பாசமுத்திரம்.