மீனுக்குத் தண்ணீர் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆறு, ஏரிகளைக் காப்பது என்றாலே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றுதான் பேசுகிறோம். அதில் வாழும் மீனை யாரும் கேட்பதில்லை. பூமியின் பரப்பில் நன்னீர் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் மீன் இனங்களில் ஏறக்குறையப் பாதி அங்கேதான் வாழ்கின்றன. சீனாவின் யாங்சி ஆற்றில் வாழ்ந்த துடுப்புமீன் அற்றுப்போய்விட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. முட்டையிடப் போகும் வழியை அணை அடைத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அழகுபடுத்துகிறோம் என்று கரைமரங்களை வெட்டிக் கான்கிரீட் பூசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நிழல் போனால் நீர் சூடாகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். வேர்களுக்கிடையே ஒளிந்து வளரும் குஞ்சுகள் எங்கே போகும்? கூழாங்கல்லை அள்ளிவிட்டால் பல மீன்களுக்கு முட்டையிட இடமில்லை. கலங்கிவரும் வண்டலோ இட்ட முட்டைகளின்மேல் படிந்து மூச்சடைக்கிறது. வயல் உரம் கலந்தால் பாசி மண்டும். இரவில் அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன.

அமெரிக்காவின் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024இல் முடிந்தது. சில வாரங்களிலேயே, நூறாண்டுக்கு மேலாக எட்ட முடியாதிருந்த மேல்பகுதிக்குச் சால்மன் மீன்கள் திரும்பின! எல்லா அணையையும் இடிக்கச் சொல்லவில்லை. பயனற்றுப்போன தடுப்புகளை அகற்றுங்கள். மற்றவற்றில் மீன் ஏறிச்செல்ல வழி அமையுங்கள். முட்டையிடும் பருவத்தில் மணல் அள்ளுவதையாவது நிறுத்துங்கள். கரைமரங்களைத் தொடாதீர்கள்.

– ஒரு வாசகர்