ஏரிக்கரையிலிருந்து அப்பாவுக்கு

ரோமன்ஸ்ஹோர்ன்,
சுவிட்சர்லாந்து.
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். நம் நாய்கள் மணியையும் செவலையையும் சேர்த்துத்தான் நால்வர் என்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில், "என்னம்மா, மணி குரலே கேட்கவில்லையே, இருக்கிறானா?" என்று கேட்டீர்கள். இருக்கிறான் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை. அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்தால் நீங்கள் இரவெல்லாம் தூங்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மணி குரைப்பதை நிறுத்திவிட்டான், அப்பா. செப்டம்பரில் விமான நிலையத்தில் கூண்டைத் திறந்தபோது ஒரு முறை முனகினான். அதோடு சரி. நம் வீட்டில் தெருமுனையில் சைக்கிள் திரும்பினாலே எழுந்து நிற்பவன். பாம்புக்கு ஒரு குரைப்பு, ஆளுக்கு ஒரு குரைப்பு, தெரிந்த ஆளுக்கு வேறொரு குரைப்பு என்று நீங்கள் திண்ணையில் இருந்தபடியே பிரித்துச் சொல்வீர்கள். விடியற்காலையில் மில் சங்கு ஊதினால் தலையைத் தூக்கி நீளமாக ஊளையிடுவான். நாய் ஊளையிடுவது வீட்டுக்கு ஆகாது என்று அம்மா எழுந்து வந்து விரட்டுவாள். அந்த மணி, இங்கே கதவோரம் படுத்துக்கொண்டு கண்ணை மட்டும் திறந்து மூடினான்.

இந்த ஊரின் அமைதியைச் சொன்னால்தான் அது புரியும். 11,000 பேர் சொச்சம் வாழும் சிறிய ஊர். ஏரியின் பெயர் போடன்சீ. ஏரி என்றால் நம் கண்மாயை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீளம் 63 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் 250 மீட்டர். ரைன் ஆறு ஒரு பக்கம் உள்ளே வந்து மறுபக்கம் வெளியேறுகிறது. எதிர்க்கரை ஜெர்மனி, கார்களையும் ஏற்றிச் செல்லும் படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கிழக்கு மூலையில் ஆஸ்திரியா. மூன்று நாடுகள் சுற்றி உட்கார்ந்திருந்தும், ஏரியின் பெரிய பகுதியில் எல்லை எங்கே என்று இதுவரை எழுதி ஒப்புக்கொள்ளவில்லை. கண்மாய்க்கரை வரப்புக்காக மூன்று தலைமுறை வழக்கு நடத்தும் நம் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இத்தனை தண்ணீர் இருந்தும் சத்தம் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் மாடிப்படியில்கூட மெதுவாக இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில் போடக்கூடாது, உடையும் ஒலி பிறருக்கு இடைஞ்சல். தேவாலய மணி மட்டும் கேட்கும். நானும் முதல் வாரங்களில் குக்கர் விசிலுக்கே பயந்தேன். பக்கத்து வீட்டில் நாயைப் பற்றிப் புகார் கொடுத்துவிடுவார்களோ என்று மணி லேசாகத் தலையைத் தூக்கினாலே "ஷ்" என்று அடக்கினேன். அவன் ஊமையானதில் என் பங்கு பாதி. இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செவலைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. தெருவில் பிறந்தவள், எந்த ஊரும் அவளுக்கு ஊர்தான். வந்த மூன்றாம் நாளே கதகதப்பான குழாய் சுவரில் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதை ஒட்டிப் படுத்துவிட்டாள்.

நீங்கள் கேட்டிருந்த காகித விவரங்களை எழுதுகிறேன். இந்தியாவை வெறிநோய் அபாயம் உள்ள நாடுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த அலைச்சல்: மைக்ரோசிப், தடுப்பூசி, முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து எதிர்ப்பு சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்ற பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு, இங்குள்ள அரசு அலுவலகத்தின் முன் அனுமதி. உங்கள் மாப்பிள்ளை முன்னால் வந்துவிட, நான் அந்த மூன்று மாதமும் உங்களோடு இருந்தேனே, அதற்கு அந்த விதிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வந்த பத்து நாளுக்குள் கால்நடை மருத்துவர் சிப்பைச் சோதித்து, நாடு முழுமைக்குமான நாய்ப் பதிவேட்டில் இரண்டு பேரையும் ஏற்றினார். ஊராட்சி அலுவலகத்தில் நாய் வரியும் கட்டினோம். ரயிலில் மணிக்குப் பாதி டிக்கெட்.

அந்த மருத்துவர் உங்கள் வயதுக்காரர். என் அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தவர், ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வெறிநோய்த் தடுப்பூசி போடப் போனவர் என்று சொன்னேன். எழுந்து கை கொடுத்தார். பிறகு அவர் சொன்னதை உங்களுக்காகவே கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். இங்கே நோயைப் பரப்பியவை நரிகள். 1967-இல் ஜெர்மனிப் பக்கமிருந்து வெறிநோய் உள்ளே நுழைந்திருக்கிறது. நரியைச் சுட்டுப் பார்த்தார்கள், வளைக்குள் புகை போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. 1978-இல் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கோழித்தலையின் தோலுக்கடியில் தடுப்பு மருந்துக் குப்பியைச் செருகி, காட்டில் கையால் வைத்துக்கொண்டே போனார்கள். நரி கோழித்தலையைக் கடிக்கும்போது குப்பி உடைந்து மருந்து வாய்க்குள் போய்விடும். உலகிலேயே காட்டு விலங்குக்கு அப்படி வாய்வழி மருந்து கொடுத்த முதல் முயற்சி அதுதான். 1999-இல் இந்த நாட்டில் வெறிநோய் இல்லை என்று அறிவித்தார்கள்.

கோழித்தலை, அப்பா! ஊசிக்குப் பிடிபடாத தெருநாய்களுக்கு என்ன செய்வது என்று நீங்கள் எத்தனை நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். கீழத்தெருப் பையன் இறந்துபோன வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர்ச் செம்பைப் பார்த்து அவன் மிரண்டதை நீங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் அவன் தாயார்தான் சொன்னார். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தவள் நான். இந்த நாட்டில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தகப்பனும் அந்தப் பயத்தோடு பிள்ளையின் கடிவாயைக் கழுவியதில்லை என்று நினைத்தபோது, மருத்துவர் அறையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். கட்டிப் போட்ட நாயை ஒரு நாளில் ஐந்து மணி நேரமாவது அவிழ்த்துவிட வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது.

குளிரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மணி போன்ற சிப்பிப்பாறை நாய்க்கு உடம்பில் கொழுப்பும் இல்லை, அடி முடியும் இல்லை. டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, மாலை நாலரைக்கு இருட்டிவிடுகிறது. மணிக்குத் தடித்த அங்கி தைத்தேன். வயிற்றுக்கடியில் பட்டை வைத்து, விலா தெரியாமல் மூடும்படி. உடம்பு தாங்கியது, பாதம் தாங்கவில்லை. பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு விரலிடுக்கில் புகுந்து, கரிசல் நிலம் கோடையில் வெடிப்பதுபோல் பாதத்தில் கோடு கோடாக வெடிப்பு. அம்மா கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் இங்கே மெழுகாக உறைந்து கிடக்கிறது. கரண்டியால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து உருகும்வரை காத்திருந்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் தேய்க்கிறேன். மணி முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை மட்டும் நீட்டுவான். வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுத் தேய்ப்பதால் இப்போது ஆறிவிட்டது. அம்மாவிடம் இன்னொரு பாட்டில் கேட்டதாகச் சொல்லுங்கள். யாருக்கென்று சொல்ல வேண்டாம்.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் ஏரியின் மேல் மூடுபனி வந்து உட்கார்ந்தால் நாள்கணக்கில் எழுந்திருக்காது. தெளிந்த நாளில் தெற்கே சென்டிஸ் மலை தெரியும். மூடுபனியில் நம் கை நீட்டும் தூரமே தெரியாது. ஜனவரியில் அப்படி ஒரு காலை, இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு ஆப்பிள் தோட்டங்களின் பக்கம் போனேன். எங்கள் துர்காவ் மாநிலம் முழுக்க ஆப்பிள்தான். இங்கே 'மோஸ்ட்' என்றால் பழச்சாறு. அது அதிகம் என்பதால் இதற்கு 'மோஸ்ட் இந்தியா' என்றே செல்லப்பெயர். இந்தியா என்ற பெயரைக் கேட்டுத்தான் முதல் நாள் இந்த ஊர் எனக்குப் பிடித்தது.

வரிசையாக நின்ற மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு முயல் கிளம்பியது. மணியின் தலை எவ்வளவு ஒடுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு இழுப்பு, முன்னால் ஒரு பாய்ச்சல். என் கையில் வாரும் வெறும் கழுத்துப்பட்டையும் தொங்கின. இரண்டு நொடி அவன் கால் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கூப்பிட்டேன். மூடுபனியில் குரல் பஞ்சில் குத்தியதுபோல் அமுங்கிவிடுகிறது. உங்களைப் போல் சீழ்க்கை அடிக்கப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. ரயில் பாதை ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம். சிறு வயதிலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று அன்று அழுதேன்.

பக்கத்து வீட்டு அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், தன் கிழட்டு நாயோடு அந்த வழியாக வந்தார். அதுவரை எங்களுக்குள் "க்ரூட்சி" என்ற வணக்கத்துக்கு மேல் பேச்சில்லை. என் கையில் தொங்கிய வெறும் பட்டையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி என்னோடு நடந்தார். ஒன்றரை மணி நேரம் தேடினோம், அப்பா. அவரும் "மணி, மணி" என்று கூப்பிட்டார். அவர் வாயில் அது 'மானி' என்று வந்தது.

அப்போதுதான் துறைமுகத்தில் ஜெர்மனிப் படகு கிளம்பியது. மூடுபனியில் எதிரே வரும் படகுகளுக்காக நீளமாக ஊதிக்கொண்டு போவார்கள். அந்த ஊதல் ஓய்ந்ததும், அதே நீளத்துக்கு இன்னொரு குரல் எழுந்தது. ஊளை. தலையைத் தூக்கி, தொண்டையைத் திறந்து, ஏறி ஏறி இறங்கும் அந்த ஊளை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மில் சங்கு, அப்பா. அவன் மில் சங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

படகு மறுபடி ஊதியது, அவன் மறுபடி ஊளையிட்டான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே ஓடினோம். துறையின் கோடியில், கண்ணுக்குத் தெரியாத படகைப் பார்த்தபடி, நாலு காலும் நடுங்க நின்றிருந்தான். அந்த அம்மா தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்து அவனைச் சுற்றினார். புகாருக்கு பயந்து நான் இத்தனை மாதம் அவன் வாயை அடக்கியதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் திக்கித் திக்கிச் சொன்னேன். குரைக்காமல் இருந்திருந்தால் இன்று எப்படிக் கண்டுபிடித்திருப்போம் என்று மட்டும் கேட்டார்.

அன்று அவர் வீட்டில்தான் காப்பி. 1963-இல் இந்த ஏரி முழுதும் உறைந்துபோனதாம். அவருக்கு அப்போது எட்டு வயது. தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டு நாயும் கூட வர, பனிக்கட்டி மேல் நடந்திருக்கிறார். ஏரி உறையும்போதெல்லாம் புனித யோவானின் சிலையை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஊர்வலமாக எடுத்துப் போவது வழக்கம். அந்த பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹாக்னாவிலிருந்து இந்தப் பக்கம் மூன்ஸ்டர்லிங்கனுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் ஏரி அப்படி உறையவில்லை. சிலை இன்னும் இந்தக் கரையிலேயே இருக்கிறது. மணி என்றால் என்ன பொருள் என்று கேட்டார். ஜன்னல் வழியாகத் தேவாலயக் கோபுரத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து தெருவில் எல்லோருக்கும் அவன் பெயர் தெரியும்.

கழுத்துப்பட்டையை மாற்றிவிட்டோம். ஒடுங்கிய தலை நாய்களுக்கென்றே அகலமான பட்டை இருக்கிறது. இழுத்தால் இறுகும், மூச்சை அடைக்காது. மார்புப் பட்டையும் சேர்த்தே போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூடுபனி விழுகிற காலைகளில் படகு ஊதினால் இப்போதும் ஒரு ஊளை விடுகிறான். நான் அடக்குவதில்லை. யாரும் எதுவும் சொன்னதில்லை. அம்மாவுக்கு ஊளை என்று சொல்லாதீர்கள், குரைக்கிறான் என்று சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நீங்கள் வரப்பிலிருந்து அவனைக் கூப்பிடும் அந்தச் சீழ்க்கையை ஒரு தடவை அடியுங்கள். போனை அவன் காதருகில் வைக்கிறேன். பிறகு எனக்கும் சொல்லிக்கொடுங்கள், நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று.

உங்கள் அன்பு மகள்