உரையைத் தொலைத்துவிடாதீர்கள்: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் உரிமையை வைத்திருக்கும் ஸ்டுடியோவின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற மாதம் ஒலி வடிவமைப்பு வகுப்புக்காக, 2003 நவம்பரில் வெளிவந்த இரண்டாவது படமான 'தி டூ டவர்ஸ்' விரிவாக்கப் பதிப்பின் (திரையரங்கில் வராத காட்சிகளையும் சேர்த்த பதிப்பு) நான்காவது டிஸ்கை எடுத்துப் போட்டேன். கிரிக்கெட் மைதானப் பகுதி வருவதற்குச் சற்று முன்னால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. துடைத்துப் போட்டேன். வேறொரு பிளேயரில் போட்டேன். ஓடவில்லை. இருபது ஆண்டுகளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த டிஸ்க் அது.

வேறு வழியில்லாமல் மாணவர்களுக்கு வாயால் சொன்னேன். 2002 பிப்ரவரி, வெலிங்டன். நியூசிலாந்தும் இங்கிலாந்தும் ஆடிய ஒருநாள் போட்டி. இடைவேளையில் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மைதானத்துக்குள் வருகிறார். பெரிய திரையில் காட்டப்படும் சொற்களைப் பார்த்து உரக்கக் கத்தும்படி சுமார் 25,000 பேரைக் கேட்டுக்கொள்கிறார். கதையின் தீய சக்தி ஆளும் நாடான மோர்டோரின் மொழி, கத்துகிறவர்களுக்குப் பொருள் தெரியாது. காலால் தரையைத் தட்டச் சொல்கிறார், நெஞ்சில் அறையச் சொல்கிறார். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு வெளியே மழையில் நிற்கும் உருக்-ஹாய் என்ற அரக்கர் படையின் முழக்கத்தில் அந்த ரசிகர்களின் குரல் கலந்திருக்கிறது. சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அதைப் பார்க்க முடியாதா?" வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் படத்தைப் பார்த்திருந்தார்கள். இப்படி ஒரு டிஸ்க் இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

அவளுடைய கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

2002க்கும் 2004க்கும் இடையில் படத்துக்கு ஒன்றாக வந்த, விரிவாக்கப் பதிப்பின் அந்த மூன்று பெட்டிகளை இன்று பொறுப்பில் இருப்பவர்கள் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்களா என்று தெரியவில்லை. பச்சை, அரக்கு, நீலம் என்று பழைய தோல் அட்டைப் புத்தகங்களைப் போன்ற தோற்றம். ஒவ்வொன்றிலும் நான்கு டிஸ்குகள். படத்துக்கு இரண்டு, 'பின்னிணைப்பு' என்ற பெயரில் ஆவணப்படங்களுக்கு இரண்டு. டோல்கீன் தம் நாவலின் முடிவில் மொழி, வம்சம், காலவரிசை என்று சேர்த்த பின்னிணைப்புகளை நினைவில் வைத்துச் சூட்டிய பெயர் அது. அமெரிக்காவில் இருந்த என் சித்தப்பா மூன்றையும் வாங்கி வந்தார். அவை அந்த மண்டலத்துக்கான டிவிடிகள் என்பதால் எங்கள் வீட்டு பிளேயர் ஏற்க மறுத்தது. எல்லா மண்டல டிஸ்கும் ஓடும் பிளேயர் ஒன்றைத் தேடி வாங்கப் பணம் சேர்க்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடுதல் காட்சிகளுக்காகத்தான் எல்லோரும் அதை வாங்கினார்கள். முதல் படத்தில் சுமார் 30 நிமிடம், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 50. பழைய இசையை இழுத்து ஒட்டாமல், ஹோவர்ட் ஷோர் அந்தக் காட்சிகளுக்கென்று புதிதாக இசையமைத்து ஒலிப்பதிவு செய்தார். அதனால்தான் ஒட்டுப்போட்ட தையல் எங்கும் தெரிவதில்லை. இருந்தாலும், சேர்த்த எல்லாமே படத்துக்கு நல்லது செய்தது என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாவது படத்தில் மண்டையோடுகள் சரிந்து விழும் இடம் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. பேச்சுக்கு வந்த எதிரி சாரோனின் தூதனை, அரசனாகப் போகும் நாயகன் அரகோர்ன் வெட்டிவிடுவதை ஏற்கவே முடியவில்லை. தூதனைக் கொல்லும் அரசனா அவன்? ஆனால் 'தி டூ டவர்ஸ்' படத்தில் சகோதரர்களான போரோமிரும் ஃபராமிரும் தந்தையின் முன் நிற்கும் அந்த ஒரு காட்சி போதும். திரையரங்கில் கல்நெஞ்சனாகத் தெரிந்த ஃபராமிர், அதற்குப் பிறகு அன்புக்கு ஏங்கும் மகனாகத் தெரிகிறான். மந்திரவாதி சாருமானின் முடிவும் அப்படித்தான். மூன்றாவது படத்தின் திரையரங்குப் பதிப்பில், சாருமானாக கிறிஸ்டோபர் லீ நடித்த பகுதி முழுவதும் வெட்டப்பட்டது. அவர் மனம் வருந்தியது ஊரறிந்த செய்தி. அந்த மூத்த கலைஞருக்கு நியாயம் கிடைத்தது நீல நிறப் பெட்டியில்தான்.

காட்சிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவை பிழைத்துக்கொள்ளும். 2020இல் வந்த 4கே பதிப்பில் திரையரங்கு வடிவம், விரிவாக்க வடிவம் இரண்டும் இருக்கின்றன. விரிவாக்கப் பதிப்பு திரையரங்குகளுக்கே திரும்பி வந்துவிட்டது. என் கவலை பின்னிணைப்புகளைப் பற்றியது. 2011 புளூ-ரே பெட்டியில் 15 டிஸ்குகள் இருந்தன. படம் புளூ-ரேயில் வந்தது, பின்னிணைப்புகள் பழைய டிவிடிகளாகவே வந்தன. அதையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம், இருக்கிறதே என்று. 2020 பெட்டியில் அவை இல்லவே இல்லை. என் மாணவர்கள் படம் பார்க்கும் ஓடிடி தளங்களிலும் இல்லை. இப்போதைய மடிக்கணினிகளில் டிஸ்க் போடும் இடமே கிடையாது.

தமிழில் பழைய நூல்களை 'மூலமும் உரையும்' என்று சேர்த்தே அச்சிடுவது வழக்கம். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையால்தான் பழைய இசையையும் கூத்தையும் பற்றிப் பல செய்திகள் எங்களுக்குத் தெரிகின்றன. அழிந்துபோன சில நூல்களின் பெயர்கூட அவர் உரையில்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த உரை எங்களுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. வஞ்சிக் காண்டத்துக்கு அது இல்லை. இளங்கோவின் மூலம் மூன்று காண்டமும் இருக்கிறது, உரை நடுவழியில் நின்றுவிடுகிறது. புகழ்பெற்ற மூலத்தை யாரேனும் ஒருவர் படியெடுத்துக்கொண்டே இருப்பார். உரைக்கு அந்தக் காவல் இல்லை. படம் இருக்க, பின்னிணைப்பு மட்டும் பதிப்புக்குப் பதிப்பு உதிர்வதைப் பார்க்கும்போது எனக்கு வஞ்சிக் காண்டம்தான் நினைவுக்கு வருகிறது.

மைக்கேல் பெல்லரினின் குழுவினர் தயாரித்த அந்த ஆவணப்படங்கள் விளம்பரத்துக்காக எடுத்தவை அல்ல. நடிகர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துவிட்டுப் போகும் பேட்டிகளும் அல்ல. பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்தையும் கையால் கோத்து வீரர்களுக்குச் சங்கிலிக் கவசம் செய்த தொழிலாளிகள் அதில் வருகிறார்கள். செய்து செய்து விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. நியூசிலாந்தின் மட்டாமட்டா பண்ணையில், கதையில் வரும் ஹாபிட் என்ற குள்ள மனிதர்களின் ஊருக்கான தோட்டத்தைப் படப்பிடிப்புக்கு ஓராண்டுக்கு முன்பே நட்டு வளரவிட்டவர்கள் வருகிறார்கள். வேறு எந்தப் படத்தின் டிஸ்கில் தோட்டம் போட்டவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார்கள்? ஒவ்வொரு படத்துக்கும், படம் ஓடும்போதே அதை உருவாக்கியவர்கள் பேசும் நான்கு வர்ணனைத் தடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று முழுக்க வடிவமைப்பாளர்களுடையது. படம் முடியும்வரை அவர்கள் தங்கள் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் காட்டும் இடம் ஒன்று உண்டு. தியோடன் மன்னராக நடித்த பெர்னார்ட் ஹில் தம் மார்புக்கவசத்தைப் பற்றிப் பேசும் இடம். கவசத்தின் உட்புறத்திலும் வேலைப்பாடு செய்திருந்தார்கள். உடம்பை ஒட்டியிருக்கும் பக்கம். கேமராவுக்கு ஒருநாளும் தெரியாது. அணிகிற நடிகருக்கு மட்டும் தெரியும், தான் ஒரு மன்னன் என்று. இதைப் பார்த்த பிறகு என் மாணவர்கள் குறும்படத்துக்கு ஒரு பழைய கடிதத்தைத் தயாரித்தால், மூடியே இருக்கும் பக்கத்திலும் எழுதுகிறார்கள். பெர்னார்ட் ஹில் 2024 மே மாதம் காலமானார். ஒளிப்பதிவாளர் ஆண்ட்ரூ லெஸ்னியும் கிறிஸ்டோபர் லீயும் 2015இலேயே போய்விட்டார்கள். நடிகர் இயன் ஹோம் 2020இல். இவர்களை மீண்டும் உட்காரவைத்துக் கேள்வி கேட்க உங்களால் முடியாது. உங்களிடம் இருக்கும் நாடாக்கள்தான் இருக்கின்றன.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மூன்றாவது படத்தின் முடிவில் வரும் 'இன்டு தி வெஸ்ட்' பாடல் ஆஸ்கர் வாங்கியது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவர் கேமரன் டங்கன் என்ற நியூசிலாந்து இளைஞர். புற்றுநோயால் 2003இல் பதினேழு வயதில் இறந்த குறும்பட இயக்குநர். நீலப் பெட்டியின் பின்னிணைப்பில் அவரைப் பற்றிய பகுதியோடு அவருடைய இரண்டு குறும்படங்களையும் முழுமையாகச் சேர்த்திருந்தார்கள். 11 ஆஸ்கர் வென்ற ஒரு படம், தன் பெட்டியில் ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு இடம் கொடுத்தது. உங்கள் ஸ்டுடியோவின் வரலாற்றில் நீங்கள் பெருமைப்பட வேண்டிய செயல்களில் ஒன்று அது. புதிய பெட்டியைத் தயாரித்தவர்கள் பின்னிணைப்பை விட்டபோது, அந்தப் பையனையும் விட்டுவிட்டோம் என்று அறிந்திருப்பார்களா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் என்று தோன்றவில்லை. 4கே துல்லியம் வேண்டாம். அன்று வீடியோவில் எடுத்ததை இன்று பளபளப்பாக்க முயன்றால் முகங்கள் மெழுகு பூசியதைப் போல் ஆகிவிடும், இருக்கிறபடியே கொடுங்கள். ஆறு பின்னிணைப்புகளையும், 2006இல் வந்த கோஸ்டா போட்ஸின் ஆவணப்படங்களையும் ஒரே தொகுப்பாக மீண்டும் வெளியிடுங்கள். டிஸ்காகவும் வேண்டும், ஓடிடியிலும் வேண்டும். ஓடிடியில் படம் பார்க்கிறவர் மொழியைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே அந்த நான்கு வர்ணனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள். முழுமையான வசன வரிகளைச் சேருங்கள். நியூசிலாந்து உச்சரிப்பு என் மாணவர்களுக்குப் பிடிபடப் பாதி வகுப்பு போய்விடுகிறது. மூல நாடாக்களின் நல்ல படி ஒன்று நியூசிலாந்தின் ஒலி-ஒளி ஆவணக் காப்பகத்தில் இருக்கட்டும். அந்த நாட்டு மக்களின் உழைப்பு அது.

பாட்டுக்கும் பேட்டிக்கும் புதிதாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதற்குச் சட்ட வேலை உண்டு என்பது புரிகிறது. அதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் யாரோ ஒருவர் இல்லாமல் போகிறார்.

இங்கே அடுத்த கல்வியாண்டு ஜூன் மாதம் தொடங்கும். ஒலி வடிவமைப்பு வகுப்பு ஆகஸ்டில் வரும். பச்சைப் பெட்டியும் நீலப் பெட்டியும் இன்னும் ஓடுகின்றன. அரக்கு நிறப் பெட்டியின் நான்காவது டிஸ்க் மட்டும் உறைக்குள் இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை. அதுவரை உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றால், வெலிங்டன் மைதானத்தில் 25,000 பேர் கத்தியதை மறுபடியும் நான்தான் கத்திக் காட்ட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்